தோணி இல்லாத வானம்

போன கிழமை நிரோஷினி போன் எடுத்தா. களுவாஞ்சிகுடியில நான் இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல வேலை செய்த ஸ்டூடியோவில இப்ப டிசைன் செய்யிறது அவதான். என்ட பழைய ஹார்ட் டிஸ்க்கில "தொட வேணாம்" எண்டு ஒரு போல்டர் கிடக்காம், இடம் காணாதாம், அழிக்கட்டா எண்டு கேட்டா. வேணாம் புள்ள எண்டன். ஏன் எண்டு கேட்டா. அது போன்ல சொல்லுற கதை இல்ல, எழுதித் தாறன் எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன பொறகுதான் யோசிச்சன், என்ட சீவியத்தில நான் எழுதின ஆக நீளமான சாமான் "அன்னாரின் பிரிவால் துயருறும் மனைவி, மக்கள், மருமக்கள்" எண்ட வரிதான். அதுவும் ஒவ்வொரு நாளும் அதே வரி.

என்ட தொழில் வானம் எடுக்கிறது. கமராவால. ஆரும் கேட்டா அப்பிடித்தான் சொல்லுறது. என்ட பொஞ்சாதி, ஊரில எல்லா ஆம்பிளையும் நிலத்தைப் பாத்து உழைக்குது, இந்த மனிசன் மட்டும் அண்ணாந்து பாத்து உழைக்குது எண்டு தன்ட ஆக்களிட்ட சொல்லித் திரிஞ்சா. பொய் இல்ல. இப்ப சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறி, டொக்டர் வெளிச்சத்தைப் பாக்க வேணாம் எண்டதால ஐம்பத்தாறு வயசில பென்சன் இல்லாத பென்சன்காரன் ஆகிட்டன்.

எங்கட பக்கம் ஒரு ஆள் செத்தா, தெருவில இருந்து ஒழுங்கை பிரியிற முகப்பில பனர் கட்டுவாங்க. முப்பத்தோராம் நாளுக்கு மறுகா ஒண்டு, அது பெரிசு. நடுவில ஆள்ட முகம், கீழ பேர், துயருறும் ஆக்கள்ட பட்டியல், முகத்துக்குப் பின்னால முகில். அந்த முகில் என்ட முகில். மண்டூரில இருந்து கல்லடி வரைக்கும் எத்தினை பேர் என்ட முகிலுக்குள்ளால போயிருப்பாங்க எண்டு எனக்குத் தெரியா.

நான் வானம் எடுக்க வர முதல் இன்டர்நெட்டில இருந்துதான் வானம் இறக்கினவங்க. வாழைச்சேனைக்கு அங்கால ஒரு நாளும் போகாத ஒரு அப்புக்குப் பின்னால பனிமலை நிண்டது. அவர்ட மகன் பனரைப் பாத்திட்டு, "அப்பா எப்ப வெளிநாடு போன?" எண்டு கேட்டதாம். முதலாளிக்கு அது குத்திப்போட்டு. எங்கட ஆள் எங்கட வானத்திலதான் போகோணும் எண்டு சொல்லி, கலியாண வீட்டில கமரா பிடிச்சுக்கொண்டு திரிஞ்ச என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீ மணமக்களைப் பாக்க வேணாம், மேல பார் எண்டார். கலியாண வீட்டில என்ட வேலையைப் பாத்த எல்லாருக்கும் அது சந்தோசம்.

பழகினது ரெண்டு மூண்டு வருசம். பழகினது எண்டா பழுதாக்கினது. ஒரு மனிசனுக்கு, தெரியாம, சூரியன் சரியா தலைக்குப் பின்னால வாற மாதிரி வச்சிட்டன். அவர்ட பொஞ்சாதி பனரைக் கன நேரம் பாத்திட்டு, "உயிரோட இரிக்கக்குள்ள இப்பிடி ஒரு நாளும் இரிக்கல்ல" எண்டா. கழட்டச் சொல்லுவா எண்டு பாத்தன். சொல்லல்ல.

முதலாளி ஒரு மாதிரியான ஆள். சத்தமா ஒரு சொல் வராது. செத்த வீட்டு ஆக்கள் கடைக்குள்ள வந்தா முதல்ல பிளேன்டீ. அதைக் குடிச்சு முடிக்கும் வரைக்கும் ஒண்டும் கேக்க மாட்டார். பொறகு பேர், திகதி. அதுக்கு மேல ஒரு கேள்வி இல்ல. போட்டோ எண்டும் சொல்ல மாட்டார், ஆள் எண்டுதான் சொல்லுவார். "ஆள் வந்திட்டாரா?" எண்டா படம் வந்திட்டுதா எண்டு அர்த்தம். நான் வானத்தை வச்சு முடிச்ச பொறகு, தன்ட உள்ளங்கையால கொம்பியூட்டரில முகத்தை மறைச்சுப் பாப்பார். முகம் இல்லாமலும் வானம் வடிவா இருந்தா அது கூடாது. வானம் ஆளை முந்தப்படாது எண்டுவார். எனக்கு அது விளங்க கனகாலம் எடுத்தது. நான் முந்துற வானமாத்தான் தேடித் தேடி எடுப்பன்.

வேலை இப்பிடித்தான். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில முகில் பஞ்சு பஞ்சாப் பிஞ்சு ஓடும், அது பிள்ளையளுக்கு. மாரி பிடிச்சா வானம் முழுக்க ஒரே சாம்பல், ஒண்டுக்கும் உதவாது. நல்ல வானம் வாறது மாரிக்கு முந்தின கிழமையள்ள, பின்னேரத்தில. வாவிக்கு மேற்குக் கரையில, படுவான்கரைப் பக்கத்தில இருந்து முகில் எழும்பும், கோபுரம் மாதிரி. எழுவான்கரையில, எங்கட பக்கத்தில நிண்டா வாவி முழுக்க முன்னால. நடுவில முகத்துக்கு இடம் விடோணும். ஆள்ட முகத்தில எந்தப் பக்கம் வெளிச்சமோ முகிலிலயும் அந்தப் பக்கம்தான் வெளிச்சம் வேணும். கீழ ஒரு சாண் தண்ணியும் அக்கரையும் விடோணும், எங்கட ஊர் எண்டு தெரிய. பொறகு கடைக்கு வந்து துப்பரவு செய்யிறது. கறண்டுக் கம்பி, காகம், கொக்கு, ஆள், தோணி ஒண்டும் நிக்கப்படாது. செத்த ஆள் போற வழியில உயிருள்ள சாமான் நிக்கக்கூடாது எண்டது முதலாளிட சட்டம். நான் அழிக்கிறதில கெட்டிக்காரன். தண்ணியில இருந்து ஒரு தோணியை அழிச்சா, அதில ஒரு தோணி இருந்தது எண்டு கடவுளுக்கும் தெரியாது.

துப்பரவு செய்த வானத்துக்குப் பேர் வைப்பன். திகதி போடுற இல்ல. பால்வானம், செம்பாட்டுவானம், பாய் சுருட்டி இப்பிடி. அழிக்காத மூலப் படங்களை ஒரு வருசத்துக்கு வச்சிரிக்கோணும் எண்டதும் அவர்ட சட்டம்தான். இடம் காணாது எண்டு நான் புறுபுறுத்த அளவுக்கு அளவில்ல. இப்ப நிரோஷினி சொல்லக்குள்ள என்ட குரல் மாதிரியே இருந்தது.

இனிக் கதை.

ஒரு நாள் குணம் எண்டு ஒரு ஆள் கடைக்கு வந்தார். முப்பது வயசு இரிக்கும், குருமண்வெளியில மீன்பிடி. அவர்ட அண்ணன் யோகராசா வாவியில மழைக்குள்ள தோணி கவுண்டு செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் பனருக்கு வந்திரிக்கார். பிளேன்டீ குடிச்சார். பேர் எழுதின கடதாசியைத் தந்தார். அம்மா, சகோதரங்கள், மருமக்கள் எல்லாரும் இரிக்காங்க. பொஞ்சாதிட பேர் இல்ல. மறந்திட்டார் எண்டு நினைச்சு, மனைவி பேர் எண்டு கேட்டன். "அது போட வேணாம்" எண்டார். முதலாளி என்னைப் பாத்தார். நான் தந்த பேரை மட்டும் எழுதிக்கொண்டன்.

ஊர்க்கதை பொறகுதான் தெரியும். யோகராசா செத்த அண்டைக்குக் காலையில புருசனுக்கும் பொஞ்சாதிக்கும் வாய்த்தர்க்கம், அயல் முழுக்கக் கேட்டிரிக்கு. தம்பி மூண்டு மணி போலத் துறைக்கு வரக்குள்ள வானம் கறுத்துக் கிடந்ததாம், அண்ணன்ட தோணி இல்லையாம். தம்பி சொல்லிச் சொல்லி அதில இருந்து கதை வளந்திட்டு. மழை இருட்டிக்கொண்டு வரக்குள்ள மனிசனை ஆத்துக்குள்ள கலைச்சு விட்டவள் எண்டு. வாவியை நாங்க ஆறு எண்டுதான் சொல்லுற. மாமிக்காரி அவட வீட்டு வாசல் மிதிக்கிற இல்ல. முப்பத்தோராம் நாள் சனத்துக்குச் சோறு குடுக்கிற அமுதை மனிசி வீட்டில வைக்காம யோகராசாட தாய் வீட்டில வைக்கப் போறதாக் கதை.

நான் கொம்பியூட்டரில ஆளைப் பாத்தன். நல்ல முகம், இடது பக்கம் வெளிச்சம். என்ட கையில இருந்ததுக்குள்ள ஆக வடிவான வானத்தை எடுத்தன். பாய் சுருட்டி. பெரிய வெள்ளைக் கோபுரம், அதுக்குக் கீழ கறுப்பா ஒரு மடிப்பு, சுருட்டி வச்ச பாய் மாதிரி வாவிக்குக் குறுக்கால. இடது பக்கத்து ஓரம் வெள்ளி மாதிரி எரியுது. அளந்து வெட்டின மாதிரி முகத்தோட பொருந்திச்சு. முதலாளி கையால முகத்தை மறைச்சுப் பாத்தார். கொஞ்சம் முந்துது எண்டார். நான் கெஞ்சினன். விட்டிட்டார்.

எந்த நாள் எடுத்த வானம் எண்டு நான் யோசிக்கல்ல. அந்தக் கிழமை பின்னேரத்துக்குப் பின்னேரம் மழை. நாளுக்கு ரெண்டு மூண்டு மரணம் என்ட கையால போகுது. இது சாட்டு. யோசிச்சிருந்தாத் தெரிஞ்சிரிக்கும்.

பனர் கட்டி ரெண்டாம் நாள் ஒரு பொம்பிளை தனிய வந்தா. வெள்ளைச் சீலை இல்ல, வேலைக்குப் போற சட்டை. தான் தவமணி, யோகராசாட மனிசி எண்டா. முதலாளி கதிரை எடுத்துப் போட்டு, தங்கச்சி இருங்க எண்டு பிளேன்டீ குடுத்தார். அவ அதைத் தொடல்ல. அழவும் இல்ல.

"பேர் விட்டது ஆரெண்டு எனக்குத் தெரியும். அதுக்கு வரல்ல" எண்டா. "அந்த வானம் ஆர் எடுத்த?"

நான் எவ்வளவு பெரிய மடையன் எண்டா, அந்த நேரம் எனக்கு நெஞ்சு நிமிந்தது. இத்தினை வருசத்தில வானத்தைப் பத்தி ஆரும் வந்து கேட்டதில்ல. நான்தான் எடுத்த எண்டன், ஏதோ பரிசு தரப்போறா எண்ட மாதிரி.

"அண்ணன், அது அவர் போன அண்டைக்கு எழும்பின மழை" எண்டா. "அந்தச் சுருட்டலை நான் வாசலில நிண்டு பாத்த. ஆத்தில தொழில் செய்யிற எல்லாருக்கும் தெரியும். பனருக்குக் கீழ நிண்டு அதைத்தான் கதைக்காங்க. இந்த மழையைப் பாத்துக்கொண்டுதான் நான் அவரை அனுப்பின எண்டு."

செத்த மனிசன்ட முகத்துக்குப் பின்னால அவரைக் கொண்ட மழையை வடிவா ஒட்டி, ஒழுங்கை முகப்பில தூக்கிக் கட்டியிருக்கன். அதுவும் போதாதெண்டு அது அந்தப் பொம்பிளைக்குச் சாட்சியா நிக்குது.

அவ கேட்டது ஒண்டுதான். இந்தப் படம் எத்தினை மணிக்கு எடுத்த? தன்ட புருசன் பகல் சோறு திண்டிட்டு, ரெண்டு மணிக்கு நல்ல வெயிலுக்குள்ள போனது எண்டா. காலையில சண்டை பிடிச்சது உண்மை, ஆனாச் சோறு குடுத்துத்தான் அனுப்பின எண்டா. அதைச் சொன்னா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல.

என்ட கமராட மணிக்கூடு வாங்கின நாளில இருந்து சரி செய்யாதது. அதைக் கேட்டா எப்பவும் நடுச்சாமம் எண்டுதான் சொல்லும். சிரிச்சுச் சொல்லுற கதைதான் அது, அண்டைக்கு மட்டும் சிரிப்பு வரல்ல. முதலாளி மெதுவா, மூலப்படங்களை எடு தம்பி எண்டார்.

நாப்பத்து மூண்டு படம். வரிசையாத் திறந்தன். முதலாவது படத்தில வானம் வெறும் நீலம். அக்கரைக்கு மேல, கடைசி ஓரத்தில கைக்குட்டை அளவு வெள்ளை முகில். இது பழுது எண்டு நான் ஒரு நாளும் திரும்பிப் பாக்காத படம். நடுவாவியில பாதை வந்துகொண்டிரிக்கு. பாதை எண்டா மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் ஆளையும் மோட்டச்சைக்கிளையும் ஏத்துற மிதவை. அது நிறைய மண்டூர்ப் பள்ளிக்கூடங்களில படிப்பிச்சிட்டு வாற டீச்சர்மார். பள்ளிக்கூடம் விட்டு வாற பாதை அது, ரெண்டு மணிக்குத்தான் எங்கட கரைக்கு வரும். எல்லாரும் குடை பிடிச்சிரிக்காங்க. மழைக்கு இல்ல, வெயிலுக்கு. குடையள்ட நிழல் பலகையில கறுப்பா, வெட்டின மாதிரி விழுந்து கிடக்கு.

பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு தோணி அப்பத்தான் கரையை விட்டு எடுக்குது. நான் பெரிசாக்கினன். ஒரு ஆள் நிண்டு சவள் வலிக்கிறார். தோணிக்குள்ள, எங்கட பக்க நுனியில, மஞ்சளா ஒரு பிளாஸ்டிக் கான்.

"அது தண்ணி இறைக்கிற கான்" எண்டா. "வாயை நான்தான் வெட்டிக் குடுத்த."

அதோட நிப்பாட்டியிருக்கலாம். முதலாளி கையைக் கொண்டு வந்து மெதுவா மவுசுக்கு மேல வச்சார். போதும் எண்டு அர்த்தம். தவமணி, "காட்டுங்க" எண்டா.

ஒவ்வொண்டாத் தட்டினன். முகில் எழும்புது. கோபுரம் ஆகுது. கறுப்பு இறங்குது. ஒரு மணித்தியாலத்துக்குள்ள முழுக்க மாறிட்டு. நான் அந்த நேரம் கரையில நிண்டு அருமை அருமை எண்டு சொல்லிக்கொண்டு கமராவை அமத்தினது எனக்கு ஞாபகம் இரிக்கு. தோணி தூரத்தில புள்ளியாகுது. முப்பதாவதுக்குப் பொறகு ஒரு படத்தில அந்தப் புள்ளி மறுபக்கம் பாத்து நிக்குது. பெரிசாக்கினா மஞ்சள் கான் இப்ப எங்களுக்கு அங்கால பக்கம், தோணிட மூக்கு எங்கட கரைக்கு.

"கிறுகிட்டார்" எண்டா தவமணி. "வீட்டுக்குத் திரும்பி வாறார்."

அடுத்தது பாய் சுருட்டி. பனருக்கு எடுத்த வானம். கீழ தண்ணியில, சுருட்டலுக்கு நேர கீழ, அந்தப் புள்ளி. அதுக்கு அடுத்த படத்தில மழைத் திரை. ஒண்டும் இல்ல.

அவ பாய் சுருட்டிக்கே திரும்பிப் போகச் சொன்னா. விரலை அந்தப் புள்ளியில வச்சா.

"பனரில இது இல்லயே."

"நான் அழிச்ச" எண்டன்.

"ஏன்?"

எத்தினையோ பேரைச் சிரிக்க வச்ச வாய் இது. அண்டைக்கு அதால வந்தது உண்மை மட்டும்தான். "தோணி நிண்டா வடிவில்ல எண்டு."

அவ ஏசியிருந்தா எனக்குச் சுகமா இருந்திரிக்கும். ஆறிப்போன பிளேன்டீயை எடுத்துக் குடிச்சா, முழுக்க. பொறகு சொன்னா, முதல் படத்தைக் குணத்துக்குக் காட்டுங்க, கடைசிப் படங்களைக் காட்ட வேணாம், அவனும் அண்ணனோட போக இருந்தவன், தாங்க மாட்டான். "அழிக்கவும் வேணாம். ஆருக்கும் குடுக்கவும் வேணாம். கிடக்கட்டும்." அந்த அளவு பொல்லாப்புச் சொன்னவனுக்காகத்தான் அவ அப்பிடி யோசிச்சா.

அடுத்த நாள் முதலாளி ஆள் அனுப்பிக் குணத்தைக் கூப்பிட்டார். நான் முதல் படத்தைப் பெரிசாக்கி வச்சன். விளக்கம் ஒண்டும் சொல்லல்ல. குடை, நிழல், பாதை, தோணி. அவர் ஆத்துக்காரன், வாசிக்கத் தெரியும். கதிரையில இருந்து எழும்பி, கிட்டப் போய்ப் பாத்து, மறுகா வந்து இருந்தார். பொறகு என்னைப் பாத்தார்.

"நீங்க அந்த நேரம் எங்க நிண்ட?"

"துறைக்குக் கொஞ்சம் தள்ளி, கரையில."

"முழு நேரமும்?"

"ஓம்."

"கூப்பிடல்லயா?"

"மேல பாத்துக்கொண்டு நிண்ட" எண்டன்.

அவர் என்னை அடிச்சிரிக்கலாம். அடிக்கல்ல. தலையைக் குனிஞ்சுகொண்டு, "ரெண்டு மணிக்கு வாறன் எண்டு அண்ணனிட்டச் சொன்ன நான்தான் சுணங்கி மூண்டு மணிக்கு வந்த" எண்டார். ஏன் ஒரு மாசமா அண்ணன்ட மனிசியைத் தூற்றித் திரிஞ்ச எண்டதுக்கு அதுதான் மறுமொழி. முதலாளி உள்ளுக்குப் போய் ரெண்டு பிளேன்டீ எடுத்து வந்தார்.

பழைய பனரைக் குணம் தானே ஏறிக் கழட்டினார். புதுப் பனரில முதல் பேர் மனைவி தவமணி. எந்த வானம் வைக்கிற எண்டு முதலாளியைக் கேட்டன். அந்த முதல் படம் எண்டார். அதில முகிலே இல்லையே எண்டன். இல்லாட்டி என்ன எண்டார். சரியெண்டு துப்பரவு செய்யத் தொடங்கினன். பின்னால வந்து நிண்டு, "கையை எடு" எண்டார். அவர் குரல் உயந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். "பாதையும் நிக்கட்டும். தோணியும் நிக்கட்டும்."

அப்பிடியே அடிச்சம். பெரிய நீல வானம், நடுவில யோகராசாட முகம், அவர்ட தோளுக்குக் கீழ ஒரு பாதை நிறையக் குடை, பக்கத்தில சின்னதா ஒரு தோணி. நான் செய்ததுக்குள்ள ஆக வடிவில்லாத பனர். அதைத் துறைக்குப் போற ஒழுங்கை முகப்பில கட்டினம். ரெண்டு மணிப் பாதையால இறங்கி வந்த டீச்சர்மார் அதுக்குக் கீழ நிண்டிட்டாங்க. இது என்ட குடை எண்டு ஒராள். அண்டைக்கு என்ன வெயில், நான் தலையிடியோட வந்த எண்டு இன்னொராள். வந்து போற எல்லாருக்கும் அவங்களே சொல்லத் தொடங்கிட்டாங்க. நாங்க ஒரு வார்த்தை சொல்லத் தேவைப்படல்ல. அமுது தவமணி வீட்டிலதான் நடந்தது. மாமிக்காரி சுணங்கித்தான் வந்தா, வாசல்ல கொஞ்ச நேரம் நிண்டா, பொறகு உள்ளுக்கு வந்து இருந்து சாப்பிட்டா. நான் பந்தியில கடைசி. என்ட இலைக்கு அப்பளம் வரல்ல, அதைக் கேக்கிற தைரியமும் வரல்ல.

இப்ப கொம்பியூட்டரே வானம் போடுதாம். ஆள்ட முகத்தைக் குடுத்தா வெளிச்சத்தையும் பாத்து அதுவே முகில் செய்யுமாம். நல்லது. செய்த முகிலுக்குக் கீழ ஆரும் நிக்க மாட்டாங்க. நிரோஷினி, நீங்க அதையே வைங்க. மற்ற வானமெல்லாம் அழிச்சாலும் காரியமில்ல. அந்த ஒரு போல்டர் மட்டும் கிடக்கட்டும். அது தவமணிட சாமான், அவ கேக்கிற நாளில குடுக்கோணும்.

எனக்கு ஒரு பழக்கம் மிஞ்சிட்டு. பின்னேரத்தில துறைப் பக்கம் போய் நிப்பன். படுவான்கரையில கொஞ்சம் வெள்ளை எழும்பினாலே தண்ணியில இரிக்கிற ஆக்களைப் பாத்துக் கத்துவன், கிறுகுங்க, கரைக்கு வாங்க எண்டு. அரைக்கண் தெரியிறவன் சொல்லுற மழை பத்துக்கு எட்டுத் தரம் வாறதில்ல. அப்பிடியான நாளையில மீனை விட்டிட்டுக் கரைக்கு வந்தவங்க எல்லாம் என்னை ஏசுவாங்க. ரேடியோ எண்டு பட்டமும் வச்சிட்டாங்க, அதுவும் பழுதான ரேடியோ. இப்ப கனபேர் திரும்பியும் பாக்கிற இல்ல.

குணம்ட தோணியும் அங்கதான் நிக்கும். அவர் என்னோட கதைக்கிறதில்ல, கையும் காட்டுறதில்ல. நான் கத்தினா, வானம் நீலமாக் கிடந்தாலும், அந்தத் தோணி மட்டும் கிறுகும்.